மீனின் வலியும் மனிதரின் அறமும்

மீனுக்கு வலி உண்டா என்பது அறிவியல் வினா. உண்டெனில் மனிதரின் கடமை என்ன என்பது அற வினா. வானவில் ட்ரவுட் மீனின் தலையில் வலியுணர் நரம்பு முனைகள் இருப்பதை 2003இல் ஆய்வாளர் லின் ஸ்னெடன் குழுவினர் காட்டினர். அம்மீன் வலியைத் துன்பமாக உணர்கிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

கோணேசர் கோயிலும் பள்ளிவாசல்களும் விகாரைகளும் மீன்பிடித் துறைகளும் அருகருகே உள்ள திருகோணமலையில் இந்த அற வினாவுக்கு விடைகள் பல. சைவம் கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் உயர்ந்த ஒழுக்கமாகப் போற்றுகிறது. பௌத்தத்தில் வினையின் தன்மையைத் தீர்மானிப்பது எண்ணம். இஸ்லாத்தில் மீனை அறுக்கும் முறை கட்டாயமில்லை. ஆயினும் உயிர்களை வதைப்பது குற்றம்.

மீனின் துன்பத்தைக் குறைக்க ஒரு வழி மயக்கமருந்து. ட்ரவுட் போன்ற மீன்களை அளக்கவோ முட்டை எடுக்கவோ, லீற்றர் நீருக்கு 40 முதல் 60 மில்லிகிராம் வரை கராம்பு எண்ணெய் கலந்து மயக்குவதுண்டு. உடலளவுக்கேற்ப மயங்கும் நேரம் மாறக்கூடும். ஆகவே ஒத்த அளவுள்ள சில மீன்களில் முதலில் சோதித்து, செவுள் அசைவு நிற்குமுன் காற்றூட்டிய தெளிநீருக்கு மாற்ற வேண்டும்.

மயக்கமருந்து துன்பத்தைத் தணிக்கும். செயலின் நோக்கத்தை நியாயப்படுத்தாது. மீனை உயிருடன் மீளவிடும்போது அது கருணை. கொல்லும்போது அது வதையைக் குறைக்கும், கொல்லாமைக்கு ஈடாகாது.