ஓடைக் கல்லடியில் ஒரு சாட்சி

மறுமையில் நம் கைகால்களே நமக்கெதிராகச் சாட்சி சொல்லும் என்று நாம் ஈமான் கொண்டிருக்கிறோம். இம்மையிலேயே நம் செய்கைக்குச் சாட்சி நிற்கும் சிறு படைப்பு ஒன்று ஓடையில், கல்லுக்கடியில் ஒட்டிக் கிடக்கிறது.

மேஃபிளை என்னும் பூச்சி இறகு முளைத்தபின் ஓரிரு நாளே வாழும். அதற்குமுன் அதன் குஞ்சு மாதக்கணக்காகத் தண்ணீருக்குள்ளேயே செவுளால் மூச்சுவிட்டு வளர்கிறது. நீரில் கரைந்த பிராணவாயு குறைந்தால் அது தாங்காது. இரத்தப்புழுவோ நாறிய சேற்றிலும் சுகமாயிருக்கும். நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினையே அல்லாஹ் அதன் உடலிலும் வைத்திருக்கிறான். கொஞ்சநஞ்ச வாயுவையும் அது பிடித்துக்கொள்ளும். ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் 1909-லேயே இத்தகைய பிராணிகளைக் கொண்டு நீரின் அசுத்தத்தை வகுத்தார்கள். பின்னர் பிரிட்டனில் வந்த முறையில் மேஃபிளைக் குடும்பங்கள் சிலவற்றுக்கு 10 மதிப்பெண், இரத்தப்புழுவுக்கு 2. நாம் ஐந்தொகை போடுவதுபோல் கூட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

போத்தலில் அள்ளிய நீரைச் சோதித்தால் போதாதா என்பீர்கள். அது, கணக்குப் பார்க்க வந்தவர் அந்நேரத்துக் கல்லாப்பெட்டியை மட்டும் எண்ணுவது போன்றது. நேற்றிரவு விட்ட கழிவு இன்று காலை கடலுக்குப் போயிருக்கும். கல்லடிப் பூச்சியோ பல மாதத்துப் பேரேடு. ஆனால் எந்த நஞ்சு என்பதைப் பூச்சி சொல்லாது. அதற்குப் போத்தல்தான் வேண்டும். வெள்ளமும் பூச்சிகளை வாரிக்கொண்டு போகும். ஆகவே மேலோடையின் சுத்தமான பகுதியோடு ஒப்பிட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும். விசாரியாமல் ஒருவன்மேல் பழி சுமத்த நம் மார்க்கமும் இடங்கொடுப்பதில்லை.

நிற்க. 2019 மார்ச்சில் ஜொகூர் பாசீர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டு 111 பள்ளிகள் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அது மூக்குக்குத் தெரிந்த கேடு. தெரியாமல் நாள்தோறும் நடப்பது நம்மிடமே இருக்கிறது.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நம் சாப்பாட்டுக் கடைகளிலோ சட்டி கழுவிய எண்ணெய் பின்வாசல் லோங்காங்கில் இறங்கி, ஓடையில் சேர்கிறது. எண்ணெயையும் எச்சில் சோற்றையும் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நீரின் பிராணவாயுவைக் குடித்துவிடுகின்றன. மேஃபிளை போய்விடும், இரத்தப்புழு குடியேறும்.

எண்ணெய்ப் பிசுக்கைத் தடுக்கும் பெட்டி பல கடைகளில் இருக்கிறது. அதை வழித்துத் துப்புரவாக்கி எத்தனை மாதமோ? இன்றிரவு கடையடைக்குமுன் மூடியைத் தூக்கிப் பாருங்கள்.