குன்றத்தூரிலிருந்து கயிலை எவ்வளவு தூரம்?

ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம்வாசிகள் அவர்களை மெரினாவுக்கு அழைத்துப் போவார்கள், இல்லையென்றால் மாமல்லபுரம், பக்தி கொஞ்சம் கூடியவர்கள் என்றால் காஞ்சிபுரம். கூடவே குழந்தைகள் இருந்தால் வண்டலூர் உயிரியல் பூங்கா. ‘உங்க ஏரியாவுல பார்க்க என்ன இருக்கு?’ என்று யாராவது கேட்டுவிட்டால் உதட்டைப் பிதுக்குவதுதான் பதில். 2021-ல் நகராட்சிகளும் பேரூராட்சிகளுமாகப் பத்து உள்ளாட்சிகளைச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆன பிறகும், வேலைக்குப் போய்விட்டு வந்து படுக்கிற இடம் என்ற பெயர் அதற்குப் போகவில்லை. பார்க்கத் தகுந்தது தொலைவில் இருக்கும், தொழத் தகுந்தது அதையும் தாண்டி இருக்கும் என்று நாம் நம்புகிறோம். அக்கம்பக்கத்தைக் கவனிக்காத சோம்பல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. தெய்வம் எங்கே இருக்கிறது, அதை அடைய மனிதன் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விகளுக்கு நாம் யோசிக்காமல் கொடுக்கும் விடை அதற்குள் இருக்கிறது. அந்த விடை தவறு என்பது என் வாதம். அதற்கு முதல் சாட்சியும் இந்தப் புறநகர் வட்டாரத்துக்காரரே.

தாம்பரத்துக்கு வடமேற்கே இருக்கும் குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். சோழன் அநபாயனிடம் அமைச்சராக இருந்தவர், கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்து இறைவன்மேல் தீராத ஈடுபாடு கொண்டு, அதே பெயரில் சொந்த ஊரில் ஒரு கோயில் எழுப்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. குன்றத்தூர் நாகேசுவரர் கோயில் இன்றும் இருக்கிறது. தொலைவுதான் புனிதத்துக்கு அளவு என்று அவர் நினைத்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார். காவிரிக்கரைக்குப் போய்வரும் பயணத்தையே பெரிதாக்கியிருப்பார். செல்வாக்குள்ள அமைச்சர் தன் ஊருக்குச் செய்துகொண்ட சலுகை என்று இதை ஒருவர் ஒதுக்கலாம். ஆனால் அவர் இயற்றிய பெரியபுராணத்தில் இதே எண்ணம் இன்னும் அழுத்தமாக வருகிறது.

அதில் கயிலைக்குப் புறப்பட்ட இரண்டு பேரின் வரலாறுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். காரைக்கால் அம்மையார் கயிலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் தலையால் நடந்து போகிறார். ‘அம்மையே’ என்று அழைத்து வரவேற்ற இறைவன் அவரை அங்கேயே இருக்கச் சொல்லவில்லை. தன் ஆடலைத் திருவாலங்காட்டில் வந்து பார்க்கச் சொல்கிறான். திருவாலங்காடு, இன்று சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயில் பாதையில் வரும் ஊர். திருநாவுக்கரசரோ காசியையும் கடந்து, நடக்க முடியாமல் தவழ்ந்து, தவழவும் முடியாமல் புரண்டு போகிறார். முனிவர் வடிவில் எதிரே வந்த இறைவன் திரும்பிப் போகச் சொல்கிறான். அவர் மறுக்கிறார். கடைசியில் அங்கே ஒரு குளத்தில் மூழ்கியவர் சோழநாட்டுத் திருவையாற்றில் எழுகிறார். கயிலைக் காட்சி அங்கே கிடைக்கிறது. அந்தக் காட்சியில் களிறும் பிடியும், சேவலும் பேடையும் என இணை இணையாக உயிர்கள் வருகின்றன. பனிமலையின் உச்சியில் காணக் கிடைக்கும் என்று எதைத் தேடிப் போனாரோ, அது ஊர்ப்புறத்தில் யாரும் பார்க்கக்கூடிய உயிர்களின் வடிவில் வருகிறது. கயிலை வரை போனவர்களை இங்கே திருப்பி அனுப்புகிற தெய்வத்தைப் பாடியவர், குன்றத்தூர்க்காரர்.

இங்கே ஒரு தடை எழும், எழவும் வேண்டும். இருவரும் முதலில் நடந்தார்களே? உடம்பு தேய்ந்த பிறகுதானே நாவுக்கரசருக்குத் திருவையாறு கயிலையாயிற்று? அப்படியானால் தொலைவும் துன்பமும் இல்லாமல் அருகில் இருப்பதன் அருமை தெரியாது என்றல்லவா ஆகிறது? இந்த ஐயத்தைத் தீர்க்க, தொலைவே இல்லாத வரலாறுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பூசலார் திருநின்றவூர்க்காரர், அதுவும் இன்று சென்னையின் புறநகர்தான். கையில் பொருள் இல்லாததால் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். கல்லும் மரமும் தேடி, தச்சரை அமர்த்தி, நாள் பார்த்து அடித்தளம் இட்டு, இரவும் கண் துஞ்சாமல் நெடுநாள் கட்டினார். காஞ்சியில் அரசன் எழுப்பிய கற்கோயிலின் குடமுழுக்கு, அவருடைய மனக்கோயிலுக்காகத் தள்ளிவைக்கப்பட்டது. பூசலார் ஓர் அடிகூட நடக்கவில்லை. பல்லாவரத்துக்குப் பக்கத்துத் திருநீர்மலையிலும் இப்படி ஒரு வரலாறு உண்டு. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி நீர் நின்றதாம்; அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்கிறது தலவரலாறு. அவர் நடந்து வந்த தூரத்தை யாரும் பேசுவதில்லை. காத்திருந்த காலத்தைத்தான் பேசுகிறார்கள். ஒருவர் இமயம்வரை போனார், ஒருவர் இருந்த இடத்திலேயே இருந்தார், ஒருவர் கண்ணெதிரே மலையை வைத்துக்கொண்டு நின்றார். மூவருக்கும் தூரம் வேறு வேறு. கைவிடாமல் கொடுத்த காலம் மட்டும் மூவருக்கும் பொது. அப்படியென்றால் நாவுக்கரசரின் நெடும்பயணத்திலும் பலன் தந்தது அந்த விடாப்பிடிதான். வழியின் நீளம் அது வெளிப்பட்ட ஒரு வகை.

தொலைவை அளக்கும் வேலையில் இந்த வட்டாரத்துக்கு உலகப் புகழ் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். வில்லியம் லாம்டன் 1802-ல் பரங்கிமலையருகே தொடங்கித் தெற்கே சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே தொடக்கம். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, அளந்த அந்தத் தூரங்களெல்லாம் நிமிடக் கணக்காயின. பயணத்தின் கடுமைதான் புனிதத்தைத் தருகிறது என்றால், மின்சார ரயிலோடு இந்த ஊர்களின் புனிதமும் போயிருக்க வேண்டும். உண்மையில் ரயில் குறைத்தது வழியைத்தான். ஓரிடத்துக்கு நாம் தரவேண்டிய காலத்தை அது குறைக்கவில்லை. திருநீர்மலையையே எடுத்துக்கொள்வோம். அடிவாரக் கோயிலில் நீர்வண்ணர் நின்ற கோலம். மலைமேல் அரங்கநாதர் கிடந்த கோலம், நரசிம்மர் இருந்த கோலம், உலகளந்தவர் நடந்த கோலம். நான்கையும் ஒரே இடத்தில் நின்று பார்த்துவிட முடியாது. கீழே சேவித்து, படியேறி, ஒவ்வொரு சன்னிதியாக நின்று வர வேண்டும். வண்டியில் வந்து கீழே மட்டும் கும்பிட்டுத் திரும்பியவர் கால்பங்கைத்தான் பார்த்திருப்பார். தூரம் சுருங்கிய காலத்திலும் அந்தக் கோயில் தனக்குரிய நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

வரலாற்று ஆர்வலர் வேறொரு தடை சொல்வார்: பக்தியை இதில் கலக்காதீர்கள், இவை தொல்லியல் சின்னங்கள், அறிவோடு பார்த்தால் போதும். அவர் பக்கமும் சான்று வலுவானதுதான். பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கல்கருவியிலிருந்துதான் இந்தியப் பழங்கற்கால ஆய்வே தொடங்குகிறது. அதே ஊர்க் குன்றில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது; ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அடியும் தலையும் சதுரமாக, நடுவில் பட்டை செதுக்கிய அவன் காலத்துத் தூண்கள். அவனுடைய பட்டப்பெயர்கள் பொறித்த கல்வெட்டு. இன்று அது இஸ்லாமியர் வழிபடும் தர்கா. வழிபாடு வந்ததால் பழைய தோற்றம் மறைந்தது என்று ஆய்வாளர் வருந்தலாம். ஆனால் கல்லுக்காக மலைகளே வெட்டப்பட்ட வட்டாரத்தில், யாரோ விளக்கேற்றித் தொழுத குகைக்கு ஒரு காவல் இருந்தது என்பதையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும். மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் இன்னொரு சான்று. அதன் விமானம் தூங்கானை மாடம். யானை படுத்திருக்கும்போது முதுகு எப்படி வளைந்திருக்குமோ அப்படி அதன் பின்புறம் வளைந்திருக்கும். முன்னால் நின்று தீபாராதனை பார்ப்பவருக்கு அந்த வளைவு தெரியாது. வலம் வருபவருக்குத்தான் தெரியும். கட்டடக்கலையைப் பார்க்க வந்தவரும் பக்தரும் நடக்க வேண்டியது ஒரே சுற்றுத்தான். அறிவுக்கும் பக்திக்கும் நோக்கம் வேறாக இருக்கலாம். இரண்டுமே கேட்பது நிதானத்தை.

மூன்றாவது தடை சமயவாதியுடையது; மூன்றிலும் ஆழமானது. பரங்கிமலையில் புனித தோமாவின் பெயரால் வணங்கப்படும் சிலுவை, பல்லாவரத்தில் தர்கா, திருநீர்மலையில் பெருமாள், திரிசூலத்தில் சிவன். எல்லாவற்றையும் ‘பார்க்க வேண்டிய இடங்கள்’ என்று ஒரே பட்டியலில் சேர்த்தால், ஒவ்வொரு சமயமும் தன்னைப் பற்றிச் சொல்லும் உண்மை மழுங்கிப்போகாதா? இந்தக் கேள்வி பெரிய அளவில் விவாதிக்கப்பட்டதும் தாம்பரத்தில்தான். 1937-ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது; மறுவருடம் டிசம்பரில் அங்கே அனைத்துலக மிஷனரிப் பேரவையின் மாநாடு கூடியது. விவிலிய வெளிப்பாட்டுக்கும் மற்றச் சமயங்களுக்கும் தொடர்ச்சி கிடையாது என்று ஹென்றிக் கிரேமர் அந்த மாநாட்டுக்காக எழுதிய நூலில் வாதிட்டார். சக்கரைச் செட்டியார், செஞ்சய்யா முதலிய சென்னைக் கிறித்தவச் சிந்தனையாளர்கள் அதே ஆண்டு தங்கள் நூலில் மறுப்பு எழுதினார்கள். கிரேமரின் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது: எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிடுவது மரியாதைபோலத் தெரிந்தாலும், எதையும் காதில் வாங்காமல் இருப்பதற்கான வழியாகிவிடலாம். ஆனால் ஓரிடத்துக்கு மரியாதையோடு போவதற்கு, அதன் கொள்கையை ஏற்க வேண்டியதும் இல்லை, தன் கொள்கையைக் கைவிட வேண்டியதும் இல்லை. விருந்தினராகப் போகிறவர் அந்த வீட்டு வழக்கத்துக்கு இணங்கி நடப்பதே போதும். கேடு வருவது அவசரத்தால். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நான்கு மலையையும் முடித்துவிட்டேன் என்பவர் நான்கு சமயத்தையும் ஒன்றாக்கவில்லை. நான்கையும் பார்க்காமல் வந்திருக்கிறார்.

மிஞ்சுவது பழக்கம் என்ற தடை. அருகில் இருப்பது கண்ணுக்குப் பழகிப்போகும் என்பதை மறுக்க முடியாது. திரிசூலம் ரயில் நிலையத்தில் இறங்கும் கூட்டத்தில் பெரும்பங்கு விமான நிலையத்தை நோக்கிப் போகிறது. மறுபக்கம் குன்றுகளுக்கு நடுவே சோழர் காலத்துத் திரிசூலநாதர் கோயில் இருப்பது, தினமும் அந்த வழியாகப் போகிற பலருக்கே தெரியாது. தொலைதூர யாத்திரைக்குப் புறப்படுகிறவருக்குப் புதுமை உதவுகிறது. உள்ளூர்க்காரருக்கு அந்த உதவி இல்லை. அதனாலேயே அருகில் இருப்பதைப் பார்ப்பது எளிய வேலை அல்ல, கடினமானது. புதுமை கவனத்தை இழுப்பது வேறு, புதுமை இல்லாதபோதும் நாமே கவனத்தைக் கொடுப்பது வேறு. முன்னதில் இடம் நம்மை ஆட்டுவிக்கிறது. பின்னதில்தான் நம் விருப்பம் சோதிக்கப்படுகிறது. பிரதோஷம்தோறும் ஒரே கோயிலுக்குப் போகிறவர், வெள்ளிதோறும் ஒரே தர்காவுக்குப் போகிறவர், ஞாயிறுதோறும் ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடுகிறவர் எல்லாரும் இந்தச் சோதனையைத்தான் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் அதில் தேறுவதில்லை என்பது முயற்சிக்கு எதிரான வாதம் ஆகாது.

இந்த முடிவை ஏற்றால் அதோடு ஒரு கடமையும் சேர்ந்து வருகிறது. மூர்த்தி, தலம், தீர்த்தம் மூன்றும் அமைந்தால்தான் தலச்சிறப்பு என்பது நம் மரபு. ஒருமுறை வந்து போகிறவர் மூர்த்தியைப் பார்ப்பார்; தீர்த்தம் போன வருடம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தவர், திரும்பத் திரும்ப வருகிறவர்தான். ஆழ்வாரை ஆறு மாதம் நிறுத்திவைத்த அளவுக்கு நீர் நின்ற நிலத்தில், இன்று ஏரிகள் சுருங்கிக் கழிவுநீர் கலந்து கிடக்கின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியலில் சேர்ந்துவிட்டால் மட்டும் நீர்நிலை பிழைத்துவிடாது. ஒவ்வொரு மழைக்கும் போய்ப் பார்த்து, கரை எங்கே உடைந்தது, எந்த வாய்க்கால் அடைபட்டது என்று சொல்ல உள்ளூரில் ஆள் வேண்டும். கயிலை தொலைவில்தான் இருக்கிறது என்று நம்புகிறவருக்கு, தன் ஊர் ஏரி தூர்ந்தால் சமயரீதியாக எந்த இழப்பும் இல்லை. இறைவன் இங்கேயும் காட்சி தருவான் என்று நம்புகிறவருக்கு அது கோயிலின் ஒரு பகுதி இடிந்ததற்குச் சமம். அதைத் தடுக்க வார்டு அலுவலகத்தில் மனு கொடுப்பதும் அவருக்கு வழிபாட்டில் சேர்ந்ததுதான்.