நட்பும் தொழில் தொடர்பும்

மாதச் சம்பளம் பெறுபவன் நண்பனைக் காணச் செல்லும்போது, பிழைப்பைப் பற்றிய எண்ணத்தை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம். சுயாதீனமாகத் தொழில் செய்யும் மொழிபெயர்ப்பாளனுக்கோ ஓவியனுக்கோ ஊடகவியலாளனுக்கோ அந்த வசதி இல்லை. அடுத்த வேலை எவர் வாயிலாக வரும் என்பதை அவன் அறியான். உடன் படித்தவர் ஒரு சொல் சொல்லி உதவலாம்; நூல் வெளியீட்டு விழாவிலே அறிமுகமானவர் அழைக்கலாம். ஆகவே, மனிதரைச் சந்திக்கும்போதெல்லாம் அவன் உள்ளத்தின் ஓரத்தில் ஒரு கணக்கு விழித்திருக்கிறது. இவ்வாறு கணக்கோடு பழகுவது நட்பாகுமா?

பயனை எண்ணிய மாத்திரத்தே நட்புக் கெட்டது என்பர் ஒரு சாரார். எல்லா உறவும் கொடுக்கல் வாங்கலே என்பர் மற்றொரு சாரார். முன்னவர் பசியை அறியாதவர். பின்னவர் நட்பை அறியாதவர். கிடைக்கும் பயனை நிறுத்துப் பார்க்கும் நட்பைக் கள்வரோடு சேர்த்து எண்ணிய வள்ளுவரே, நண்பனின் இடுக்கணை அக்கணமே களைவதும் நட்பின் கடன் என்றார். நண்பனிடம் உதவி பெறுவது இழுக்கன்று. உதவிக்காகவே ஒருவனை நண்பனாக்கிக்கொள்வதே இழுக்கு.

பழந்தமிழ்ப் பாணரும் பொருநரும் கூத்தரும் நிலையான ஊதியமற்ற கலைஞரே. அவர்தம் வாழ்விலிருந்து பிறந்ததே ஆற்றுப்படை. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியிலே வறியவனான வேறொரு கலைஞனைக் காண்கிறான். தான் பெற்ற வளத்தைக் கூறி, வள்ளலிடம் செல்லும் வழியையும் சொல்லுகிறான். பத்துப்பாட்டிலுள்ள ஆற்றுப்படைகள் ஐந்தனுள், முருகனிடம் ஆற்றுப்படுத்துவதை விடுத்தால், ஏனைய நான்கும் இத்தகையனவே. புரவலனைப் புகழ்வதே இப்பாட்டுக்களின் நோக்கம் என்பது உண்மை. ஆயினும், அங்கே தோன்றும் தொழில் தொடர்பு நேர்மையானது. வழியிற் சந்தித்த இருவரும் நண்பராக நடிக்கவில்லை. ஒருவன் அறிந்ததை மற்றவனுக்கு மறைக்கவுமில்லை.

கபிலரின் கதை வேறு. அவர் பாரியின் ஆதரவில் வாழ்ந்த புலவர். மூவேந்தரால் பாரி மாண்டபின் அவனிடம் பெறுவதற்கு எதுவும் இல்லை. அந்நாளிலேதான் அவர் பாரியின் மகளிரை அழைத்துக்கொண்டு, மணம் வேண்டிக் குறுநில மன்னரிடம் சென்றார். பரிசிலும் நட்பும் ஒரே உறவில் கலந்திருக்கலாம். பரிசில் நின்ற பின்னும் எஞ்சுவது எதுவோ, அதுவே நட்பு.

இன்னொரு செய்தியும் சிந்திக்கத் தக்கது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1973இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், தெரிந்தவர் மூலம் புதிய வேலை பெற்றோரைப் பற்றி எழுதினார். அவர்களுள் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தோர் ஆறில் ஒரு பங்கினரே. நெருங்கியவர் அறிந்திருப்பதை நாமும் பெரும்பாலும் அறிந்திருப்போம்; வேறு வட்டத்திற் பழகுபவரே புதிய செய்தி கொண்டுவருவார் என்பது அவர் காட்டிய காரணம். அவர் ஆராய்ந்தது சம்பள வேலை பெற்றோரைத்தான். எனினும் இக்காரணம் சுயாதீனத் தொழிலுக்கும் பொருந்தும். அப்படியாயின், நெருங்கிய நண்பர் ஒவ்வொருவரையும் தொழிலுக்கு ஏணியாக்கவேண்டிய தேவை என்ன? அறிமுகத்தை அறிமுகமாகவே வைத்து, வேலை வேண்டுமென வெளிப்படையாகக் கேட்பதே இருவருக்கும் மரியாதை.

நட்பைக் கெடுப்பவன் வேலை தேடுபவன் மட்டுமல்லன். "நண்பன்தானே, இதற்கும் காசா?" என்று கேட்டு இரவெல்லாம் உழைத்த உழைப்பை இலவசமாக வாங்குபவனும் கெடுக்கிறான். அச்சகத்துக்குக் கூலி உண்டு, கடதாசிக்கு விலை உண்டு. அட்டைப்படம் வரைந்தவனுக்கு மட்டும் நட்பே கூலியாம்! இது சுரண்டலன்றி வேறென்ன? நண்பருக்கிடையே வேலை நடக்கலாம். ஆனால் கூலி முன்கூட்டியே பேசப்படவேண்டும்; இருவரும் "இல்லை" என்று சொல்ல உரிமை உடையவராதல் வேண்டும். மறுத்த மறுநாளும் முகம் மாறாமல் ஒன்றாகத் தேநீர் அருந்த முடியுமாயின், அவ்வுறவுக்கு அஞ்சவேண்டியதில்லை.

இப்பிரச்சினையைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் காண்பது போதாது. 1958இல் இயற்றப்பட்ட ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி தொழிலாளி நூற்றுக்கு 8 வீதமும் தொழில் வழங்குபவர் 12 வீதமும் செலுத்துகின்றனர். துண்டு துண்டாக வேலை செய்பவனுக்காக அந்த 12 வீதத்தைச் செலுத்த எவருமில்லை. நோயிலும் வேலையற்ற மாதத்திலும் சமுதாயம் தாங்காதவனை நண்பர்கள் தாங்கவேண்டியிருக்கிறது. அந்தச் சுமையினாலேயே எத்தனையோ நட்புகள் முறிகின்றன. சுயாதீனத் தொழிலாளர் ஒன்றுகூடித் தம் கூலியையும் உரிமையையும் தாமே வகுத்துக்கொள்ளும் நாளில், நண்பனின் தோளிலிருந்து இந்தப் பாரம் இறங்கும். அதுவரை, வேலைக்கு வழி தெரிந்தவன் தெரியாதவனுக்கு அதனைச் சொல்லட்டும். அதற்கு நட்பை விலையாகக் கேளாதிருக்கட்டும்.