கலங்கரை விளக்கத்தின் வண்ணம்

கலங்கரை விளக்கத்துக்கு வண்ணம் பூசுவது அழகுக்காக மட்டும் அல்ல. இரவில் ஒளியால் அறியப்படும் கோபுரம் பகலில் நிறத்தால் அறியப்படுகிறது. சென்னை மெரினாவில் 1977-இல் திறக்கப்பட்ட விளக்கத்தின் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் மாலுமிகளுக்குப் பகல் அடையாளம். உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் அவற்றை மங்கவைத்தால், அதே நிறத்தை அதே வரிசையில் மறுபடி பூச வேண்டும். இங்கே ஒரு கேள்வி எழுகிறது: பொருளை அறியவைக்கும் நிறம் அந்தப் பொருளையே சேர்ந்ததா, வெறும் மேற்பூச்சா?

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் நெறிப்படுத்திய சைவ சித்தாந்தம் இறைவனைப் பற்றி இதையொத்த கேள்வியை எதிர்கொண்டது. உருவும் பெயரும் கடந்த தன்னியல்பைச் சொரூபம் என்றது. உயிர்களின் பொருட்டு அருளால் மேற்கொள்ளும் உருவையும் தொழிலையும் தடத்தம் என்றது. தடத்தத்தைப் பொய்த் தோற்றம் என்று அது தள்ளவில்லை. காண்பவருக்காக ஏற்றது என்பதே அதன் பெருமை. கரை தேடும் ஓடத்துக்காகக் கோபுரம் பட்டை தரிப்பதையும் இவ்வாறே கொள்ளலாம்.

வழிபாடு நடக்கும் கோயில்களில் வண்ணம் குடமுழுக்கோடு புதுப்பிக்கப்படுகிறது. வழக்கமாக 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை. பாலாலயம் செய்து தெய்வத்தை வேறிடத்தில் எழுந்தருளச் செய்த பிறகே திருப்பணி தொடங்கும். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் காப்பும்கூட. கருங்கல்லுக்கு அது பொருந்தாது. தூண்களில் எனாமல் பூசுவதும், பிறகு அதை நீக்க மணலைப் பீய்ச்சியடிப்பதும் பெரும் கேடு. இதனால் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்தே போயிருக்கின்றன.

மாமல்லபுரத்தில் 1904 முதல் முழுமையாக இயங்கும் கலங்கரை விளக்கம் இயற்கைக் கல்லின் நிறத்திலேயே நிற்கிறது. அது எழுவதற்கு முன் பக்கத்திலுள்ள பல்லவர் காலத்து ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலின் உச்சியில்தான் விளக்கு எரிந்தது. கப்பலுக்கு வழிகாட்டும் பணிக்கு ஒரு கோயிலே இடம் கொடுத்திருக்கிறது.

கயத்தாறு வட்டாரத்துக் கரிசல் காட்டில் கடல் கண்ணில் படாது. ஆனால் நிறம் பொருளைச் சேர்ந்ததா, மேற்பூச்சா என்ற கேள்விக்கு விடை தேட அங்குள்ள கழுகுமலை உதவுகிறது. அடிவாரத்தில் முருகன் கோயில் வழிபாட்டோடும் திருப்பணியோடும் வாழ்கிறது. மேலே, ஒற்றைப் பாறையில் குடைந்த 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில் முடிவுறாமல் நிற்கிறது. விமானம் செதுக்கி முடிந்திருக்க, கீழ்ப்பகுதி பாறையாகவே கிடக்கிறது. சிற்பிகள் உச்சியிலிருந்து கீழ்நோக்கி வெட்டிவந்த முறை அதனால்தான் தெரிகிறது. முருகன் கோயில் சுதைக்கு வண்ணம் எப்படியோ, வெட்டுவான் கோயிலுக்கு உளித்தடம் அப்படி. அங்கே ஒரு கை சுண்ணாம்பு பூசினாலும் அதை அறியவைக்கும் அடையாளம் மறைந்துவிடும்.