கைவியளம்

2022 மார்ச் கடைசி. எங்கள் கொழும்புத்துறை வீட்டில் காஸ் சிலிண்டர் காலியாகி இரண்டு கிழமை. ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குப் போய் வெறுங்கானோடு திரும்பியவன் படலையைச் சாத்தியபடியே சொன்னேன்: "அம்மா, இந்த வருசப்பிறப்பைக் கோயிலோடை விடுவம். பொங்கல், பலகாரம் ஒண்டும் வேண்டாம்."

எண்பத்து நான்கு வயது அம்மா சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே கேட்டா: "வருசம் உன்னட்டைக் கேட்டோ பிறக்குது?"

எனக்கும் நியாயம் இருந்தது. ஊரே வரிசையில் நிற்கும்போது ஒரு வீட்டில் மட்டும் பால் பொங்கினால் அது பக்தியா, இரக்கமின்மையா? சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு வருடம் கொண்டாட்டம் இல்லை என்று வைத்தவர்கள் நாங்கள். நாடே இழவு வீடு மாதிரிக் கிடக்கும்போது என்ன செய்ய வேண்டும்? அம்மா இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சில்லறைப் பேணியை எடுத்து வரச் சொல்லி, மினுக்கமான குற்றிகளாகப் பார்த்துப் பொறுக்கத் தொடங்கினா.

சித்திரை முதல் நாளில் மூத்தவர்கள் வெற்றிலையில் காசும் நெல்லும் வைத்து இளையவர்களுக்குக் கொடுப்பதைக் கைவிசேடம் என்று பஞ்சாங்கம் எழுதும். எங்கள் வாயில் அது கைவியளம். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் வருடம் பிறக்கும் நேரத்தில் ஒவ்வொரு ஆண்டும் பிணக்கு. ஆனால் யார் கொடுப்பது, யார் வாங்குவது என்பதில் பிணக்கே இல்லை. அன்று குளிக்குமுன் வைக்கும் மருத்துநீரும் அப்படித்தான். வீட்டில் மூத்த கைதான் தலையில் வைக்க வேண்டும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, தீபாவளி கழிந்து ஒரு கிழமையில், போருக்குப் பயந்து யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் எழும்பி மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தன. அடுத்த சித்திரையில், தாது வருடம் பிறந்தபோது, நாங்கள் மீசாலையில் ஒரு வீட்டுக்காரரின் மாட்டுக்கொட்டிலில் இருந்தோம். அம்மம்மா ஒரு பூவரசம் இலையில் இரண்டு ரூபாய்க் குற்றியை வைத்து என் கையில் தந்தா. மத்தியானம் அதையே கடனாகக் கேட்டு வாங்கித் தேயிலைக்கு அனுப்பினா. கைவியளக் காசை அன்றைக்கே செலவழிக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்ததும் அவதான்.

அன்று சிரித்தேன். வயது போகப் போகத்தான் அந்த இரண்டு ரூபாயின் கணக்கு விளங்கியது. அந்த ஐந்து மாதமும் அம்மம்மா வாங்கிக்கொண்டே இருந்தா: நிவாரண அரிசி, அடுத்தவர் பாய், அடுத்தவர் கிணற்றுத் தண்ணீர். தன் கை மேலே இருந்த ஒரு நிமிடம் அந்தக் காலையில்தான் அவவுக்குக் கிடைத்தது. காசு திரும்பிப் போனது. கொடுத்தது திரும்பிப் போகவில்லை.

2020 வருசப்பிறப்புக்கு அரியாலையில் இருக்கும் அக்காவால் வரமுடியவில்லை. பக்கத்து ஊர்தான், ஆனால் கொரோனா ஊரடங்கு. வந்தால் அம்மாவுக்குத் தொற்றிவிடும் என்ற பயம் வேறு. வராமல் இருப்பதே அன்று பணிவிடை. அம்மா அக்காவின் பங்கைச் சாமித்தட்டில் எடுத்து வைத்தா. ஊரடங்கு தளர்ந்து அக்கா வந்தபோது வெற்றிலை சருகாகியிருந்தது. அந்தச் சருகோடேயே கொடுத்தா. சுபநேரம் போய்விட்டதே என்றதற்கு, "பிள்ளை வந்ததுதான் நேரம்" என்றா.

எங்கள் ஊர் ஞானி யோகர் சுவாமியின் ஊர். சந்தியில் இலுப்பை மரத்தடியில் இருந்து, பிறகு கொட்டிலில் வாழ்ந்தவர். 1961இல் இடுப்பெலும்பு முறிந்து, 1964இல் சமாதியடையும் வரை சக்கர நாற்காலியில் இருந்தார். இளம்பெண்ணாக அங்கே போய்வந்த அம்மா சொல்லுவா: முடியாமல் இருக்கிற கிழவரைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துத்தான் சனம் போகுமாம், திரும்பி வரும்போது தாங்கள்தான் எதையோ வாங்கிக்கொண்டு வந்தது தெரியுமாம். பொல்லாப்பு என்று ஒன்றுமே இல்லை என்பது அவருடைய குரு செல்லப்பா சுவாமியின் உபதேசம். மாட்டுக்கொட்டிலில் இருந்தவனுக்கு அதை முழுதாக ஒப்புக்கொள்ள இன்னும் மனம் வரவில்லை. ஆனால் பொல்லாத காலத்திலும் ஒரு கை கொடுக்கும் என்பதைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே கொண்டாடலாமா என்ற கேள்வியை நான் தவறான இடத்தில் வைத்திருந்தேன். முதியவர்களுக்காகப் பண்டிகை செய்கிறோம் என்று நினைக்கிறோம். "கஷ்டப்படுத்தக் கூடாது" என்று அவர்கள் கையில் இருப்பதை ஒவ்வொன்றாக வாங்கி வைக்கிறோம். கடைசியில் ஆசீர்வதிக்கிற வேலையையும் வாங்கிவிடுகிறோம். பலகாரத்தை விடலாம், பட்டாசை விடலாம். அந்த வேலையை மட்டும் அவர்களிடமிருந்து வாங்க எங்களுக்கு உரிமை இல்லை.

2022இல் பிறந்த அந்தச் சுபகிருது வருடத்தில் ஊமலும் கொக்கறையும் எரித்து ஒரு சுண்டு அரிசி பொங்கினோம். சலரோகம் என்பதால் அம்மாவுக்கு ஒரு கரண்டிதான். குளிக்கமுடியாத அவவின் உச்சியில் மருத்துநீரைத் தொட்டுமட்டும் வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டு, "முதல் நீ குனி" என்றா.

இந்தச் சித்திரைக்கு வயதானவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் மருந்தும் பழமும் கட்டாயம் கொண்டுபோங்கள். அவர்கள் தருவதை வாங்க ஒரு கையை வெறுமையாக வைத்திருங்கள்.