மதுக்கலயம்

சாத்தனாரின் மணிமேகலைக் காவியத்தில், வஞ்சி மாநகரிலே சமயக் கணக்கர் பலரையும் அணுகி, அவரவர் தத்துவத்தின் சாரத்தைக் கேட்டுக்கொண்டே வந்த மணிமேகலையிடம் எல்லாருக்கும் கடைசியாகப் பேசுகிறவன் பூதவாதி. தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் வேறு சில சரக்குகளையும் ஒன்றுகூட்டி வைத்தால், தனித்தனியே அவற்றுள் எதனிடத்தும் காணப்படாத மயக்கும் ஆற்றல் அந்தக் கூட்டுறவில் எவ்வாறு பிறக்கிறதோ, அவ்வாறே பூதங்களின் சேர்க்கையில் உணர்வு பிறக்கிறது என்பது அவன் சித்தாந்தம். லோகாயதர் கூறும் உவமையும் இதுவே என்று பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் சங்கரர் எடுத்துக்காட்டி மறுக்கிறார். இந்திய தத்துவ விசாரத்தில் இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்து நின்ற திருஷ்டாந்தங்கள் சிலவே. மணிமேகலையோ இந்த உவமைக்கு நேர்விடை சொல்லவில்லை. பிரத்தியட்சம் ஒன்றையே பிரமாணமாகக் கொள்ளும் அவனைப் பார்த்து, உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தாலன்றி வேறு எவ்வகையில் அறிந்தாய் என்று வினவிவிட்டு அப்பால் போகிறாள். அவள் திறவாமல் விட்டுப்போன அந்த மதுக்கலயத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டானதற்கு, கர்நாடக எல்லையூரான அத்திபெலேயில் நிகழ்ந்த ஓர் உரையாடல் காரணம்.

இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கும் நண்பரின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, அங்கே தன் வீட்டில் முதன்முதலாகப் பீர் காய்ச்சிய விவரத்தை விரிவாகச் சொன்னான். சொந்த உபயோகத்துக்காக வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு 1963 முதல் அந்நாட்டில் உரிமம் தேவையில்லை. ஆகையால் வேண்டிய பண்டங்களை ஒரே பெட்டியில் வைத்துக் கடைகளில் விற்கிறார்கள். முளைகட்டிய பார்லியிலிருந்து இறக்கி, ஹாப்ஸ் என்னும் பூவின் கசப்பேற்றி, தேன்பதமாக இறுக்கிய மால்ட் பாகு ஒரு டப்பா. அதனோடு ஈஸ்ட் தூள் ஒரு சிறு பொட்டலம். பாகை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, தண்ணீர் விட்டு 23 லிட்டராக்கி, சூடு ஏறக்குறைய 20 டிகிரிக்குத் தணிந்தபின் தூளைத் தூவி மூடிவிட வேண்டும். மூடியில் பொருத்திய நீர் நிறைந்த சிறு குழல் வழியே கரியமில வாயு குமிழிட்டு வெளியேறும், வெளிக்காற்று உட்புகாது. தொடக்கத்தில் 1.040 என்று ஹைட்ரோமீட்டரில் நின்ற திரவம் ஒன்றிரண்டு வாரத்தில் 1.010 அளவுக்கு இறங்கும். அவ்விறக்கமே சர்க்கரை சாராயமான கணக்கு, நூற்றுக்கு நான்கு பங்கு. எல்லாவற்றிலும் அவன் அழுத்திச் சொன்னது சுத்தத்தைத்தான். கிருமிநாசினி கலந்த நீரில் கலயத்தையும் குழலையும் கரண்டியையும் அலம்பாவிட்டால், வேண்டாத உயிர்கள் உட்புகுந்து யாவற்றையும் புளிக்கவைத்துக் கெடுத்துவிடுமாம். ஆக, சமையலைப்போல் தோன்றிய அந்தக் காரியத்தின் முழுக் கவலையும் எந்த உயிரை உள்ளே விடுவது, எந்த உயிரை வெளியே நிறுத்துவது என்பதாகவே இருந்தது.

இங்கும் அதைச் செய்து காட்ட அவனுக்கு ஆசை. உரிமமின்றி மது உண்டாக்குவது 1965-ஆம் ஆண்டின் கர்நாடகக் கலால் சட்டப்படி குற்றம் என்று சொல்லித் தடுத்துவிட்டேன். எல்லையூர்க்காரர்களுக்கு இச்சட்டங்களின் இடவேற்றுமை பழகிப்போன ஒன்று. நெடுஞ்சாலையில் சிறிது தெற்கே போனால் ஜூஜூவாடி, அது தமிழ்நாடு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்து 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது, ஓசூர் அந்த மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அத்திபெலே மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. ஒரே திரவம் ஒரு கோட்டுக்கு இப்பால் தீர்வைக்குரிய சரக்காகவும் அப்பால் குற்றமாகவும் இருந்த அந்நாட்களை எண்ணும்போது, தேசத்தைக் கொண்டும் காலத்தைக் கொண்டும் மாறுகிற விதி ஒன்றினால் மதுவின் நன்மை தீமையை நிர்ணயித்துவிட இயலாது என்று தோன்றுகிறது. பௌத்தரின் பஞ்ச சீலத்தில் ஐந்தாவதும், விழிப்பின்மைக்கு இடங்கொடுப்பது என்று காரணம் கூறியே மதுவை விலக்குகிறது. அங்கே கருத்தில் நிற்பது குடிப்பவனுடைய உணர்வு. அவ்வுணர்வு எத்தகையது என்று கேட்கும்போது, நாம் மறுபடியும் பூதவாதியின் முன்னே வந்து நிற்கிறோம்.

கலயத்தைத் திறப்போம். பொட்டலத்தில் ஜடம்போல் உலர்ந்து கிடக்கும் அந்தத் தூளின் ஒரு கிராமில் பல நூறு கோடி உயிரணுக்கள் உறங்குகின்றன. ஈரமும் இனிப்பும் கிடைத்ததும் விழித்துப் பெருகுகின்றன. நொதித்தல் ஓர் உயிரின் தொழில் என்று 1837-இல் ஷ்வான், கான்யார்-லத்தூர் என்னும் ஆராய்ச்சியாளர்கள் தனித்தனியே சொன்னபோது லீபிக் முதலிய இரசாயன பண்டிதர்கள் அதை எள்ளி நகையாடினார்கள். பாஸ்டர் பல்லாண்டு சோதனை செய்து, 1876-இல் பீரைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டு, அக்கொள்கையை நிலைநாட்டினார். நம் நாட்டிலே சமண ஆசாரியரான அமிர்தசந்திரர், மது பல உயிர்களின் பிறப்பிடமாதலால் அதைப் பருகுவோன் ஹிம்சைக்கு உட்படுகிறான் என்று அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே எழுதிவைத்தது, கருவி கொண்டு கண்ட முடிவு அன்றாயினும், எனக்குப் பெரு வியப்பைத் தருகிறது. அரிஷ்டங்களும் ஆசவங்களும் நொதிப்பதற்கு வைத்தியர்கள் இன்றும் தாதகிப் பூவைச் சேர்க்கிறார்கள். அப்பூவோடு ஒட்டிவரும் ஈஸ்ட்டே அதன் இரகசியம். ஆகவே, உயிரற்றவற்றைக் கூட்டிய மாத்திரத்தில் புதிய ஆற்றல் எழுந்தது என்று லோகாயதன் நினைத்த இடத்தில், உண்மையில் ஓர் உயிர் முன்னமே உட்கார்ந்திருந்தது.

பூதவாதி இதற்கு அஞ்ச மாட்டான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயிருள்ள பூதம், உயிரில்லாத பூதம் என இருவகை உண்டென்றும், அந்தந்த வகையிலிருந்தே அந்தந்த வகை பிறக்குமென்றும் அவன் மணிமேகலையிடம் கூறுகிறான். லோகாயதனுடைய கொள்கையிலிருந்து தன் கொள்கை சிறிது வேறுபடுவதையும் அவனே ஒப்புக்கொள்கிறான். பாஸ்டரின் முடிவு அவனுக்கு அனுகூலமாகவே படும். லோகாயதனுக்கும் கதி இல்லாமற் போகவில்லை. 1897-இல் பூக்னர் என்னும் ஜெர்மானியர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிரணு ஒன்றேனும் இல்லாத சாற்றை எடுத்து, அது கெடாதிருக்கச் சர்க்கரை சேர்த்தபோது, அந்தச் செத்த சாறே சர்க்கரையை நொதிக்கச் செய்தது. அதற்காக 1907-இல் நோபல் பரிசும் பெற்றார். உயிரின் தொழில் என்று நாம் மகிழ்ந்தது, உயிர் உண்டாக்கி வைத்த என்சைம்களின் தொழிலாக முடிந்தது. இந்தப் பாதையில் எத்தனை தூரம் போனாலும் வழக்கு தீராது என்றே எண்ணுகிறேன். உவமையின் பிழை வேறோர் இடத்தில் இருக்கிறது.

23 லிட்டர் பீர் நிறைந்த கலயம் மயங்குவதில்லை. அது பாடுவதில்லை, அழுவதில்லை, பழைய பகையை நினைத்துப் பொருமுவதில்லை. சாராயம் அதிலே உண்டு. மயக்கம் அதிலே இல்லை. மயக்கம் குடிப்பவனிடத்தில் நிகழ்கிறது. அவனிடத்தில் உணர்வு முன்னமே இருத்தலால் நிகழ்கிறது. உணர்வே இல்லாத உலகத்தில் இதே திரவம் இருந்திருக்குமானால், அதன் அடர்த்தியையும் கொதிநிலையையும் கூறலாமேயன்றி, மயக்கும் ஆற்றல் என்ற ஒன்றை அதன்மேல் ஏற்றிக் கூற எவருக்கும் இடமிராது. எதன் தோற்றத்தை விளக்க வேண்டுமோ அதை உவமையின் உள்ளேயே வைத்துக்கொண்டு பூதவாதி பேசுகிறான். தீ தன்னையே சுடுவதில்லை, தேர்ந்த கூத்தாடியும் தன் தோள்மேல் தானே ஏறுவதில்லை, அவ்வாறே பூதங்களை விஷயமாக அறிகின்ற உணர்வு அப்பூதங்களின் குணமாகாது என்று சங்கரர் கூறியது, இந்தக் கலயத்தருகே நின்று யோசிக்கும்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

ஆனால் பூதவாதியிடம் இதனினும் வலிய வாதம் ஒன்று உண்டு. உணர்வு பூதங்களுக்கு வேறானதாயின், இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்ஸிஜன் அணுக்களாலான எத்தனால் என்னும் சிறு பொருள் அதை எப்படி மங்கவைக்கிறது? 2008 மே மாதத்தில் கர்நாடகத்திலும் எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் விஷச் சாராயம் நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலியில் வாழ்ந்தவர்கள். எத்தனாலினும் ஒரு கார்பன் குறைந்த மெத்தனால் உடம்பினுள் ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பை முதலில் அழிக்கும். ஒரு கார்பனின் குறைவினால் பார்வையும் உயிரும் போகக் கண்டவனிடம், ஆன்மா உடம்பைச் சாராதது என்று இலேசாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. விளக்கு இருக்கும்போது காட்சி உண்டாகிறது என்பதனால் காட்சி விளக்கின் குணமாகிவிடாது. உடம்பும் அப்படிப்பட்ட துணைக்கருவியே என்பது சங்கரரின் சமாதானம். அறிவு மங்குவதற்கு அது விடையாகும். குடித்தவனுடைய அன்பும் சினமும் வெட்கமும் வேறாகிவிடுகின்றனவே, அதற்கு விளக்கின் உவமை எனக்குப் போதவில்லை. இவ்விடத்தில் பூதவாதியின் பக்கம் கனமாகவே இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

மதுவையும் ஆன்மாவையும் ஒருசேர விசாரிக்கும் இன்னொரு காட்சியும் அந்தக் காவியத்திலேயே உண்டு. கப்பல் உடைந்து நாகர் வாழும் மலையருகே ஒதுங்கிய சாதுவன், அவர்கள் தலைவன் அளித்த கள்ளையும் ஊனையும் மறுக்கிறான். தலைவன் காரணம் கேட்கிறான். மறுபிறவியைப் பற்றிய பேச்சு வருகிறது. உடம்பை விட்டுப்போன உயிர் வேறிடம் புகுவது எப்படி என்று அவன் நகைக்கிறான். உயிருள்ள உடம்பு நோவை உணர்கிறது, உயிர் நீங்கிய உடம்பை எரித்தாலும் உணர்வதில்லை, ஆகையால் உணர்ந்த ஒன்று போயிருக்கிறது என்று சாதுவன் விடை கூறுகிறான். பூதவாதி அங்கிருந்தால் இவ்விடையை ஏற்றிருக்க மாட்டான். நாகர் தலைவன் ஏற்கிறான். ஆனாலும் கள்ளையும் ஊனையும் விட்டால் தாங்கள் உயிர் வாழ இயலாது என்றும், தங்களுக்குப் பொருந்தும் அறத்தைச் சொல்லுமாறும் வேண்டுகிறான். அப்போது சாதுவன் விதிப்பவை இரண்டு: உடைந்த கலத்திலிருந்து கரையேறும் மனிதரைக் கொல்லாதே, மூப்பினால் மாண்டவை ஒழிய எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாதே. தான் கையாலும் தொடாத கள்ளைப் பற்றி அவர்களுக்கு அவன் விதித்த விதியில் ஒரு சொல்லும் இல்லை. சாத்தனார் அதை மறந்துவிட்டார் என்று நான் கருதவில்லை. உணர்வு எதனால் ஆனது என்ற வழக்கு முடியும்வரை காத்திராமல், உணர்வுள்ளது எதையும் துன்புறுத்தாதே என்பதை முன்னே வைத்து, அதை மங்கவைக்கும் பொருளை அவரவர் விவேகத்துக்கு விட்டுவிட்ட அந்த வரிசையை நண்பரின் மகனுக்குச் சொன்னேன். அவன் தன் அடுத்த கலயத்தைக் காய்ச்சுவானா என்று நான் கேட்கவில்லை.