ஊதிப் பார்க்க வேண்டிய துணி

அப்புத்தளையில் துணி நெடுநாள் உழைப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீற்றர் உயரத்தில், இலங்கை மலையகத்தின் தெற்கு விளிம்பில் இருக்கும் ஊர் அது. கீழே சமவெளியிலிருந்து ஏறிவரும் பனிமூட்டம் பட்டப்பகலிலேயே வீட்டுக்குள் நுழைந்து போகும். நாற்பது ஐம்பது வருடப் பழைமையான ஸ்டீரியோ ஸ்பீக்கர் பெட்டி ஏதாவது ஒரு தேயிலைத் தோட்டத்து வீட்டில் மிஞ்சியிருந்தால், அதில் முதலில் கெடுவது முன்பக்கத் துணிதான். மரம் தாங்கும், காந்தம் தாங்கும். துணி பூஞ்சணம் பிடித்துக் கறுத்து, கம் விட்டு மூலையில் தொங்கும். மாற்றுவது சின்ன வேலை. சட்டத்தைக் கழற்றி, காய்ந்த கம்மைச் சுரண்டி எடுத்து, புதுத் துணியின் இழை சட்டத்து விளிம்போடு நேராக ஓடும்படி விரித்து, நான்கு பக்கமும் முதலில் நடுவில் பின் அடித்து, பிறகு மூலைகளை நோக்கி இழுத்துக்கொண்டு போக வேண்டும். மூலையில் ஆரம்பித்தால் இழை கோணிக்கொள்ளும். இதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை உண்டு: துணியை வாயருகே பிடித்து ஊத வேண்டும். மூச்சு தடையில்லாமல் போனால் துணி உதவும். கன்னம் உப்பினால், எவ்வளவு அழகான துணியானாலும் வேண்டாம். சலங்கையின் கிணுகிணுப்பையும் பாட்டில் வரும் ‘ஸ’ ஓசையையும் தடித்த துணி முதலில் விழுங்கிவிடும். மறைப்பு என்பது உண்மைக்குத் தடையா, வழியா என்று சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்விக்கு இந்த ஊதலைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது என்பது என் எண்ணம்.

அப்புத்தளையிலிருந்து மலையிறங்கினால் அதே ஊவா மாகாணத்துக்குள் கதிர்காமம். ஆடி விழாவுக்குத் தோட்டங்களிலிருந்து போகிறவர்கள் அங்கே சிலையைக் காண்பதில்லை. வள்ளி தெய்வானையோடு முருகனை எழுதிய திரைச்சீலையைத்தான் கும்பிட்டுத் திரும்புகிறார்கள். திரைக்குப் பின்னால் போவது அங்கே பூசை செய்யும் கப்புறாளையின் உரிமை. விழாவில் யானைமேல் வருவதும் மூடிய பேழைதான்; உள்ளே யந்திரம் இருப்பதாக நம்பிக்கை. சிதம்பரத்து ரகசியத்துக்கும் ஒரு திரை உண்டு. சைவ சித்தாந்தம் இதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று. உயிர் பக்குவப்படும்வரை மறைந்து நின்று அதை நடத்துவதும் அருளின் செயலே. உயிரைப் பிணித்திருக்கும் ஆணவ மலமும் மறைக்கத்தான் செய்கிறது. ஆனால் புற இருளாவது தான் இருப்பதைக் காட்டும். ஆணவம் தன்னையும் காட்டாது, பிறவற்றையும் காட்டாது என்பார்கள் சித்தாந்திகள். ஆக, மறைப்பது அருளுக்கும் ஆணவத்துக்கும் பொது. பின்னாலிருப்பதை இந்தப் பக்கம் கடக்க விடுகிறதா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. பித்தகோரஸ் திரைக்குப் பின்னாலிருந்து பாடம் சொன்னதாகவும், புதிய மாணவர்கள் முகம் காணாமல் குரலை மட்டும் கேட்டுப் பழகியதாகவும் கிரேக்க மரபில் ஒரு செய்தி உண்டு. கண்ணை மறித்தால் காது கூர்மையாகும் என்பதை அந்த ஆசிரியரும் அறிந்திருக்கிறார்.

துணியே வேண்டாமே, கழற்றிவிட்டால் ஒலி இன்னும் தெளியுமே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, வள்ளலாரின் துணையும் அதற்கு இருக்கிறது. அவர் நிறுவி, 1872இல் வழிபாடு தொடங்கிய வடலூர் சத்திய ஞான சபையில் ஜோதிக்கு முன்னால் ஏழு திரைகள். அவை அறியாமையின் திரைகள், விலக்கப்பட வேண்டியவை என்பதே அங்கே போதனை. ஆனாலும் அந்த ஏழு திரைகளையும் தொங்கவிடச் செய்தவரும் அவரேதான். விலக்க வேண்டியதை விலக்கிக் காட்டுவதற்கும் முதலில் திரை வேண்டியிருக்கிறது. ஸ்பீக்கரிலும் நிலைமை இதுதான். திறந்துகிடக்கும் காகிதக் கூம்பில் ஈரமும் தூசியும் படியும். நடுவிலிருக்கும் குமிழைக் குழந்தை விரலால் அமுக்கிப் பார்க்கும். பழைய பெட்டிகள் சிலவற்றை வடிவமைத்தவர்கள், துணி மாட்டிய நிலையில் கேட்டே ஒலியைச் சமன் செய்திருக்கிறார்கள். அவற்றில் துணியைக் கழற்றினால் கிடைப்பது சுத்தமான ஒலி என்று சொல்ல முடியாது, சற்றே கூச்சலான ஒலி.

இன்னொரு ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வரும்: பழைய துணியே அந்தப் பெட்டியின் உயிர், மாற்றினால் அது வேறு பெட்டி. பழம்பொருள் சேர்ப்பவர்கள் இதில் பிடிவாதமானவர்கள், அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பழைய துணியில் ஒரு துண்டைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவைப்பது நல்ல பழக்கம். ஆனால் ஆகமங்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டன. கோயிலைப் புதுப்பிக்கும் ஜீர்ணோத்தாரணத்தில் இறைசக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, தற்காலிகமான பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, திருப்பணி முடிந்ததும் கும்பாபிஷேகத்தில் திரும்ப ஏற்றுகிறார்கள். அஷ்டபந்தன மருந்து புதிது, சுதை புதிது, வர்ணம் புதிது, சாமி பழையவர். பன்னிரண்டு வருடத்துக்கொருமுறை இதைச் செய்கிற சமூகத்துக்கு, துணி மாறினால் பெட்டி மாறிவிடுமா என்ற கவலை வரக் காரணமில்லை.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. மாற்றுகிறவர்கள் பழையதைவிடப் பகட்டான துணியைத் தேடிப்போவதுதான் வழக்கம். சோபாத் துணியும் ஜரிகைத் துணியும் பெட்டியை மணப்பெண்ணாக்கும், பாட்டை அமுக்கிவிடும். மலையகத் தோட்டக் கோயில்களில் இது நடந்துகொண்டிருக்கிறது. தம்பதென்னையில் லிப்டன் 1890இல் ஆலை கட்டிய காலத்து மக்கள், தேயிலை ஸ்டோர் எனும் ஆலையில் சுழலும் ரோதையில், அதாவது சக்கரத்தில், ரோதமுனியைக் கண்டவர்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி எடுக்குமுன் கவ்வாத்துச் சாமிக்குப் படையல் வைத்தவர்கள். அந்த வழிபாட்டின் துணி மெலிது. அன்றன்றைய உழைப்பும் பயமும் அதனூடே அப்படியே கேட்டன. இன்று பல இடங்களில் மரத்தடிக் கல் போய் டைல்ஸ் பதித்த மண்டபம் வந்திருக்கிறது, பூசாரி இருந்த இடத்துக்கு வெளியூர்க் குருக்கள் வந்திருக்கிறார், வேண்டுதல் புரியாத மொழியில் நடக்கிறது. தோட்டத்து மக்களின் சாமியைக் காட்டுச்சாமி என்று இளக்காரம் செய்தவர்களுக்கு முன்னால் ஆகமக் கோயில் ஒரு தலைநிமிர்வு என்று வாதிப்பார்கள். அந்த வலி உண்மையானது, தலைநிமிர்வும் தேவையானது. ஆனால் தலைநிமிர்வைச் சட்டத்தில் காட்டலாம்: கோபுரம் உயரட்டும், மண்டபம் பளபளக்கட்டும். சாமிக்கும் கும்பிடுகிறவருக்கும் நடுவிலிருக்கும் துணியை மட்டும் ஊதிப் பார்க்காமல் தைக்கக் கூடாது.

ஊதிப் பார்ப்பது யார் என்பது கடைசிக் கேள்வி, கடினமானதும் அதுதான். அமுங்கிய ஒலியையே கேட்டு வளர்ந்தவருக்கு அதுவே சரியான ஒலியாகப் படும். பழகிய காதை நம்ப முடியாதபோது, துணியைக் கொஞ்ச நேரம் கழற்றி ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. தைப்பூசத்தன்று வடலூரில் ஏழு திரையும் விலகுகின்றன, பிறகு மீண்டும் தொங்குகின்றன. தோட்டத்திலும் அப்படி ஒரு நேரம் உண்டு. கரகம் எடுக்கும் திருவிழாவில் அருள் வந்து ஆடுகிறவர் வாயிலிருந்து வருவது லயத்து வீடுகளில் பேசும் தமிழ்தான். குறையைக் கேட்பவரும் அதே தமிழில் கேட்கிறார், பதிலுக்குப் பதில் பேசுகிறார், சில சமயம் சண்டையும் பிடிக்கிறார். அதில் நின்று கேட்டவர்களுக்கு மறுநாள் பூசையில் எது கேட்காமல் போயிற்று என்பது தெரியும். புது மண்டபத்துக்குக் கோயில் கமிட்டி செலவுக் கணக்குப் போடுமுன் அபிப்பிராயம் கேட்க வேண்டியது அவர்களிடம்தான்.